ஆவுடையப்பன் குடிப்பதில்லை

தப்பான கூட்டத்துக்குப் போய்விட்டேன். நடந்தது அவ்வளவுதான். அதற்கு இத்தனை பேர் இத்தனை பேச்சுப் பேசினார்கள்.

நீர் கேட்டீர், அதனால் சொல்கிறேன். 'ஏன் பெரியவரே எழுந்து எழுந்து உட்காருகிறீர்' என்று கேட்டீரா இல்லையா? ரயில்வே கேட் போட்டால் பஸ் நிற்கத்தான் செய்யும். எனக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து தலை நரைத்தவன் நான். எந்த வண்டி நிஜமாகவே கேட்டில் மாட்டியது, எந்த டிரைவர் டீ குடித்துவிட்டு கேட்டின்மேல் பழி போடுகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். அது கிடக்கட்டும். இன்றைக்கு வியாழக்கிழமை. ஆறு மணிக்கு நான் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என் மகன் வீடு மாறிவிடுவான்.

என்ன கூட்டமா? குடியை விடுகிறவர்கள் கூட்டம். முழிக்காதீர். காலைக் கொஞ்சம் மடக்கும், இடிக்கிறது.

நான் குடிப்பேன். எல்லோரும் குடிக்கிற மாதிரிதான். டியூட்டியில் ஒரு நாள் தொட்டதில்லை, யாரை வேண்டுமானாலும் கேளும். ரிட்டயரான பிறகு டியூட்டி என்று ஒன்று இல்லை. அதனால் எப்போது குடித்தாலும் அது டியூட்டிக்கு வெளியேதான். இதில் என்ன தப்பு? வீட்டுக்காரி போன பிறகு கொஞ்சம் கூடியது. கூடாமல் இருக்குமா?

பேட்டையில் சொந்த வீடு. நான் கட்டியது. மகன் ஆவுடையப்பன், கணக்கு வாத்தியார். அவன் பெண்டாட்டி, ஒரு பேத்தி. எல்லோரும் ஒரே வீட்டில்தான். பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. ஒரு நாள் வழியில் புதிதாக வேகத்தடை போட்டிருந்தான். வெள்ளைக் கோடு போடவில்லை. கோடு போடாத வேகத்தடையை மனுஷன் எப்படிப் பார்ப்பான்? வண்டி சாய்ந்துவிட்டது. பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையே சொல்லிவிட்டது, 'நான்தான் வண்டியை ஆட்டினேன், தாத்தா மேலே தப்பில்லை' என்று. நல்ல பிள்ளை.

மகன் கத்தவில்லை. கத்தினால் நானும் கத்தியிருப்பேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டே, "அப்பா, இன்னொரு தடவ குடிச்சா நாங்க வீடு மாறிருவோம். நீங்க இங்கேயே இருந்துக்கிடுங்க" என்றான். வாய்ப்பாடு சொல்வது மாதிரி சொன்னான்.

வீடு அவ்வளவு பெரிசு. அதில் நான் மட்டும் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வேன்? சொல்லும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. மாத்திரை எழுதினாள். "மாத்திரை பாதிதான் செய்யும் அய்யா, கூட்டத்துக்குப் போங்க" என்று ஒரு போன் நம்பர் கொடுத்தாள். பேட்டையிலேயே ஒரு கூட்டம் நடக்கிறதாம். அங்கே போனால் பால்காரன் பார்ப்பான், ரேஷன் கடைக்காரன் பார்ப்பான். அதனால் பாளையங்கோட்டை என்று முடிவு செய்தேன். போன் போட்டேன். எடுத்தவன் ஒரு இழுவைப் பேச்சுக்காரன். வணக்கம், நல்லா இருக்கீங்களா, தைரியமாக வாங்க என்று இழுத்து, கடைசியில், செவ்வாய்க்கிழமை ஆறு மணி, இன்ன பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு அறை என்றான். சரி என்று வைத்துவிட்டேன். நேரம் சொல்லியாயிற்று, இடம் சொல்லியாயிற்று. அதற்கு மேல் ஒரு டைம்கீப்பருக்கு என்ன வேண்டும்?

பிறகுதான் தெரிந்தது, அவன் இன்னும் முடிக்கவில்லை என்று. செவ்வாய்க்கிழமை குடிக்கிறவர்களுடைய குடும்பத்தாருக்கு. குடிக்கிறவர்களுக்கு வியாழக்கிழமை. அறை ஒன்றுதான். முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டுமா இல்லையா? இது யார் தப்பு?

போனேன். மூன்றாம் வகுப்பு பெஞ்சு எவ்வளவு உயரம் இருக்கும், உமக்கே தெரியும். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். உள்ளே பார்த்தால் எல்லாம் பெண்கள். சரி, இந்தக் காலத்தில் இவர்களும் குடிக்கிறார்கள் போல என்று நினைத்தேன். நாடு கெட்டுப்போச்சு என்று வேறு நினைத்துக்கொண்டேன். ஒருத்தி மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

என் கோலத்தையும் சொல்ல வேண்டும். முதல் நாளாயிற்றே என்று வெள்ளைச் சட்டை, தேய்த்த வேட்டி, நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்ததும் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். வாத்தியார் நாற்காலி ஒன்று இருந்தது. அறையிலேயே அது ஒன்றுதான் நாற்காலி. அதை இழுத்து எனக்குப் போட்டார்கள். ரிட்டயரான பிறகு எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

கூட்டத்தை நடத்துகிறவள் மரியபுஷ்பம் டீச்சர். அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "வாங்கய்யா. இங்க ஊர் கேக்க மாட்டோம், தெரு கேக்க மாட்டோம். இங்க கேட்டத வெளிய சொல்லவும் மாட்டோம். யாருக்காக வந்திருக்கிய?" என்றாள்.

யாருக்காக! அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போயிருக்கலாம். ஆனால் அதற்குள் டீயைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இஞ்சி டீ. சூடான டீயைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி எழுந்து போவான்? நான் யோசிக்கிறதற்குள் அந்தப் பீடிக்காரி, உலகம்மாள் என்று பெயர், அவள் முந்திக்கொண்டாள்.

"என்ன கேள்வி டீச்சர் இது? மூஞ்சியப் பாத்தாத் தெரியலையா? மகனுக்காகத்தான் வந்திருப்பாரு. பெத்த மனசு."

நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். தலையை ஆட்டுவது பொய்யா? பொய் சொன்னது உலகம்மாள்.

"பேரச் சொல்லுங்கய்யா. ஜெபத்துல வச்சுக்கிடுதேன்" என்றாள் டீச்சர்.

சாமி காரியத்துக்கு என்று கேட்கும்போது இல்லாத பெயரைச் சொல்லலாமா? ஆவுடையப்பன் என்று சொன்னேன். என் மகன் பெயர் அதுதானே.

அப்புறமும் ஏன் போனேன் என்று கேட்பீர். வீட்டில் செவ்வாய்க்கிழமை கூட்டம் என்று சொல்லியாயிற்று. கிழமையை மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். அதோடு அங்கே மரியாதை இருந்தது. டீச்சர் வீட்டிலிருந்து சுண்டல் அவித்துக்கொண்டு வருவாள். முதல் கிண்ணம் எனக்குத்தான். 'அண்ணாச்சி, உங்க மகன் இந்த வாரம் எப்படி' என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். என் வீட்டில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

சொல்வேன். எல்லாம் உண்மையே சொல்வேன். பாட்டிலை எங்கே ஒளித்து வைக்கிறான் என்று கேட்டார்கள். பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் என்றேன்.

"அய்யோ, சாமி படத்துக்குப் பின்னாலயா?" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அங்கதான் யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றேன்.

உலகம்மாள் தட்டிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள். "ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டுப் பெரிய துரை மனசுல என்ன ஓடுதுன்னு எனக்கு இத்தன வருசமா விளங்கல. உங்க மகன் என்ன நெனச்சு எங்க வைக்கான்னு நீங்க பிட்டுப் பிட்டு வைக்கியளே, எப்படி?"

"பெத்தவனுக்குத் தெரியாதா?" என்றேன்.

"ம்" என்றாள். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்கள் பேசுவதையும் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. அதுதான் பெரிய தொந்தரவு. ஒருத்தி, புருஷன் குக்கரை விற்றுக் குடித்துவிட்டான் என்று அழுவாள். ஒருத்தி, சங்கிலியை விற்றுவிட்டான் என்று தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்திருப்பதைக் காட்டுவாள். கூட்டிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு நாள் பொறுக்காமல், "நாள் முழுக்கப் பாடுபடுகிறவனுக்கு உடம்பு வலி இருக்காதா அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க எந்தக் கட்சி?" என்றாள் உலகம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

டீச்சர் வாராவாரம் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்வாள். அவர்கள் குடிப்பதற்கு நீங்கள் காரணம் இல்லை. அதை நிறுத்த உங்களால் ஆகாது. அவர்களுக்காகப் பொய் சொல்லாதீர்கள். வேலைக்குப் போகாவிட்டால் காய்ச்சல் என்று போன் பண்ணாதீர்கள், விழுந்து கிடந்தால் கால் இடறியது என்று ஊருக்குச் சொல்லாதீர்கள். உங்கள் உயிரை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி.

நல்ல பேச்சு. எனக்கு ரொம்பப் பொருந்தியது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். நான் காரணம் இல்லை. நிறுத்தவும் என்னால் ஆகாது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரேயே கடை. கொஞ்சமாகத்தான். நாலு கிராம்பை வாயில் போட்டு மென்றுகொண்டு வீட்டுக்குப் போவேன். கூட்டம் எப்படி இருந்தது என்று மகன் கேட்பான். 'பிரமாதம்' என்பேன். அதுவும் உண்மைதானே.

ஏன் சிரிக்கிறீர்? சிரிக்கிற கதையா இது?

மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை. டீச்சர் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடுவதில்லை. வண்டி வருகிற நேரத்தில் கண்ணை மூடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அதனால் நான்தான் முதலில் பார்த்தேன். குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்து, வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

யார் என்கிறீர்? என் மருமகள்.

அந்த அறைக்கு ஒரே வாசல். அந்த வாசலில் அவள். டீச்சர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். பாக்கியராஜுக்காக. ஐசக்குக்காக. உலகம்மாள் வீட்டுக்காரருக்காக. வரிசை எனக்கு மனப்பாடம். அடுத்தது என்ன என்று தெரியும். பிரேக் பிடிக்காத வண்டி ஸ்டாண்டுக்குள் வருகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"ஆவுடையப்பனுக்காக ஜெபிக்கிறோம் ஆண்டவரே. அந்தப் பாட்டிலை ஆவுடையப்பன் கையிலிருந்து எடுத்துப்போடும். அவனாலே அவனுடைய வயசான தகப்பனார் படுகிற பாட்டைக் கண்ணோக்கிப் பாரும்."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவள் மட்டும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். குடையை மடித்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை.

"புதுசா வந்திருக்கியம்மா. யாருக்காக வந்திருக்க?" என்றாள் டீச்சர்.

"மாமனாருக்காக."

"சத்தமாச் சொல்லு தாயி" என்றாள் உலகம்மாள். "ஆம்பளை ஒருத்தர் உக்காந்திருக்காரேன்னு கூச்சப்படாத. அண்ணாச்சியும் நம்மளப் போலத்தான். மகன் மொடாக் குடிகாரன்."

"அப்படியா?" என்றாள் என் மருமகள். என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அப்புறம் பேசினாள். வீட்டில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எங்க மாமா கெட்டவங்க இல்ல. அடிக்க மாட்டாங்க, ஏச மாட்டாங்க. வெளிக் கேட்டத் தொறக்க ஒரு கொண்டி இருக்கு. குடிச்சிட்டு வந்தா அந்தக் கொண்டியத் தேடுவாங்க. அந்தச் சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிரும். எம் மக பாடிக்கிட்டு இருப்பா. கொண்டிச் சத்தம் கேட்டதும் பாட்ட நிறுத்திருவா. யாரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கல. தானா நிறுத்திருவா."

எனக்கு அது தெரியாது. நான் உள்ளே போகும்போது வீடு எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும். நல்ல வளர்ப்பு என்று நினைத்திருந்தேன்.

"போன மாசம் வண்டியிலேருந்து விழுந்துட்டு வந்தா. கேட்டா, 'நாந்தான் ஆட்டினேன்'னா. மருந்து போடும்போது, 'தாத்தாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்களாடி'ன்னு கேட்டேன். 'இல்லம்மா, தாத்தா ரோட்டுல உக்காந்து அழுதாங்க. அதான் நானாச் சொன்னேன்'ங்கா."

நான் அழவில்லை. அழுத ஞாபகம் எனக்கு இல்லை. வேகத்தடை ஞாபகம் இருக்கிறது. வீட்டு வாசல் ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

உலகம்மாள் தட்டை ஒரு தட்டுத் தட்டினாள். "பச்சப் புள்ள பொய் சொல்லி இவரக் காப்பாத்தணுமாக்கும்? அந்தக் கிழவன ஒரு நாள் இங்க கூட்டிட்டு வா தாயி. நான் கேக்கேன் நாலு கேள்வி."

"கூட்டிட்டு வாரேன்" என்றாள் இவள்.

"உன் வீட்டுக்காரர் எப்படிம்மா? அவரும் குடிப்பாரா?" என்றாள் டீச்சர்.

"அவங்க டீ கூடக் குடிக்க மாட்டாங்க டீச்சர்." மறுபடியும் என்னைப் பார்த்தாள். "அவங்க பேரு ஆவுடையப்பன்."

அங்கே வருகிற பெண்கள் பாதிப் பேர் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர்கள். மூலையில் ஒருத்தி, "பேரச் சொல்லுதா பாரு" என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. உலகம்மாள் கையும் நின்றது. அந்தக் கை நின்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாத் தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது.

"ஏ டீச்சர்!" என்றாள் உலகம்மாள். "நாம இத்தன வாரமா யாருக்கு ஜெபம் பண்ணினோம்?"

யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்தாள். அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு. டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். குக்கர் போனவள், சங்கிலி போனவள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்காதது இரண்டு பேர். நான் எழுந்தேன். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மழை விடவில்லை. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். எதிரே கடை. ரோட்டைத் தாண்டினால் போதும். இனி எதற்கு யோசனை என்று இறங்கிவிட்டேன். பின்னாலேயே குடையோடு வந்தாள்.

"மாமா."

"போ. போய் உன் புருஷன்கிட்டச் சொல்லு. எல்லாரும் வேற வீட்டப் பாத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"நீங்க செவ்வாக்கிழம கூட்டம்னு சொன்னப்பவே பொய்யின்னு நெனச்சேன் மாமா. கடைக்குத்தான் போறியன்னு இருந்தேன். குடிக்கிறவங்களுக்கு வியாழக்கிழம. செவ்வாக்கிழம வீட்டுக்காரங்களுக்குன்னு நான் போன் பண்ணினப்ப அந்த அண்ணன் தெளிவாச் சொன்னாரே. அதான் நான் வந்தேன்."

"எங்கிட்டச் சொல்லல."

"சொல்லி முடிக்க விட்டியளா?"

இழுத்துப் பேசுகிறவனிடம் மனுஷன் எவ்வளவு நேரம் காதைக் கொடுப்பான்?

"நெசமாவே ஒரு கூட்டத்துக்கு வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கிய" என்றாள். கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி மாதிரி தெரியவில்லை. "இந்த மழையிலயும் வந்திருக்கிய."

"அவன்கிட்டச் சொல்லப் போறியா?"

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். அவங்க கேட்டாப் பொய் சொல்லவும் மாட்டேன். கேக்கதுக்குள்ள வியாழக்கிழம வந்துரும். நீங்க போயிட்டு வந்துட்டா அதையும் சேத்துச் சொல்லுவேன். போகலன்னா அதையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

இவ்வளவுதான் பேசினாள். பஸ் வருகிற வரைக்கும் ஸ்டாப்பில் என் பக்கத்தில் நின்றாள். குடையைக் கடைப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். சாரல் அந்தப் பக்கமிருந்து அடித்ததா, வேறு எதற்கா, நான் கேட்கவில்லை. எனக்குக் கடை தெரியவில்லை. என் தோள் ஒன்று நனைந்தது. அவள் முழுக்க நனைந்தாள்.

வியாழக்கிழமை அவளும் கூடவே வந்தாள். தனியாகப் போகத் தெரியாதா எனக்கு என்றேன். டவுனில் நூல் வாங்க வேண்டும் என்றாள். நூல் வாங்க டவுனில் இறங்காமல் பாளையங்கோட்டைக்கு ஏன் வருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அதே மூன்றாம் வகுப்பு அறை. இந்தத் தடவை எல்லாம் ஆண்கள். வாசலில் நின்றவனை எனக்குத் தெரியும். டிரைவர் தேவசகாயம். என் ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவன். தாமதமாக வந்தான் என்று நான் எழுதிக் கொடுத்து மெமோ வாங்கியவன்.

"டைம்கீப்பர் சாரா! வாங்க, வாங்க. நீங்களே லேட்டாத்தான் வந்திருக்கிய. பரவால்ல, நாங்க எழுத மாட்டோம்" என்றான்.

திரும்பி நடந்துவிட்டேன். எவனிடமெல்லாம் பேச்சு வாங்குவது? பள்ளிக்கூட கேட்டில் இவள் நிற்கிறாள். வழியை மறிக்கவில்லை. ஓரமாகத்தான் நின்றாள்.

"அங்க தெரிஞ்சவன் இருக்கான்" என்றேன்.

"சரி மாமா."

"நான் வீட்டுக்குப் போறேன்."

"சரி மாமா. நான் இங்க நிக்கேன்."

"நீ எதுக்கு நிக்க?"

"கூட்டம் முடியுற வரைக்கும் நிக்கேன்னு எம் மககிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். அவகிட்டப் பொய்யாயிரக் கூடாதுல்லா."

ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கிறான். கிழவன் மருமகளைத் தெருவில் நிறுத்திவிட்டு நிற்கிறான் என்று என்னைத்தானே சொல்வார்கள்? அதற்காகத்தான் உள்ளே போனேன். வேறு எதற்கும் இல்லை.

ஒவ்வொருத்தனாக எழுந்து தன் பெயரைச் சொல்கிறான், நான் குடிகாரன் என்கிறான். ஒளிவு மறைவு கிடையாது. என் முறை வந்தது. எழுந்தேன். "என் பேர் கோமதிநாயகம். என் மகன்..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. நிறுத்திவிட்டேன். அங்கே யாரும் சிரிக்கவில்லை. தேவசகாயம்கூடச் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்திருந்தால் கோபத்தில் வெளியே வந்திருப்பேன்.

"என் மகன் குடிக்கிறதில்ல. நான்தான்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் மகன் கேட்டானாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம், கிராம்பு வாசனை முதல். அவன் ஏற்கெனவே ஜங்ஷன் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தான். ஜெபக் கதையைச் சொன்னபோது மட்டும் சிரித்தானாம். அவன் சிரித்ததை நான் பார்த்து வெகு காலம். அப்புறம், "சரி, அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றானாம். அன்றைக்கு ஆரம்பித்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் போய்விட்டு வந்தால், வீடு மாறுவது ஒரு வாரம் தள்ளிப் போகும். பேத்தியைக் கூட்டி வரும் வேலை இன்னும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து தொடவில்லை. ஆசை இல்லை என்று நான் சொன்னேனா? இப்போது ஜன்னலுக்கு வெளியே பாரும். அந்த மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் என்ன கடை இருக்கிறது? வண்டி அதற்கு நேரே வந்துதான் நிற்க வேண்டுமா? பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கலாம். அதற்காகத்தான் உம்மிடம் இவ்வளவு பேசினேன். மற்றபடி வழியில் போகிறவரிடம் பேசுகிற ஆள் இல்லை நான்.

ரயில் போய்விட்டது. அப்பாடா. கேட்டைத் தூக்கிவிட்டான், பாரும், இவன் இன்னும் கியர் போடவில்லை. நான் மட்டும் ஸ்டாண்டில் இருந்திருந்தால்... போகிறான், போகிறான். இனிப் பாலம் தாண்டினால் நெரிசல் கிடையாது. நேரத்துக்குப் போய்விடலாம்.

வியாழக்கிழமைக் கூட்டம் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறீரா? இல்லை. டீ வாயில் வைக்க முடியாது. சுண்டல் கிடையாது. நாற்காலியும் கிடையாது, பெஞ்சுதான், முழங்கால் மோவாயில் இடிக்கிறது. தேவசகாயம் இன்றைக்கும் வாசலில் மணி பார்த்துக்கொண்டு நிற்பான், என்னைக் கேலி செய்ய. அவனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்றுதான் சீக்கிரமே புறப்பட்டேன்.

யார் உம்மை வழிக்குக் கொண்டு வந்தது, அந்த டாக்டரம்மாவா என்கிறீர். அவள் ஒரு நம்பர் கொடுத்தாள், அவ்வளவுதான். டீச்சர் ஜெபமா? அதுதான் ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்ததே. இல்லை, கூட்டத்துக்குள்ளே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது; அங்கே அவனவன் தன் பெயரைத்தான் சொல்லலாம், அடுத்தவர் பெயரை எடுக்கக் கூடாது. வீட்டிலும் நான் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து 'ஏ பிள்ளே' தான். பஸ்ஸில் அப்படி ஒரு சட்டமும் இல்லை.

ஸ்டாப் வந்துவிட்டது. காலை மடக்கும், நான் இறங்க வேண்டும். அவள் பெயர் சண்முகவடிவு.